காற்றைக் கூட்டு, காரை இளக்கு

"மழைன்னா டயர்ல காத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கிட்டா நல்லா புடிக்கும்தானேண்ணே?"

எதிர் வீட்டுத் தம்பியின் கேள்வி இது. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கப் பணம் கட்டிவிட்டான். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார், எடை சுமார் 1,100 கிலோ. கோடையில் அங்கே ஓட்டியிருக்கிறான். ஆனால் நவம்பர், புதுச்சேரிக்கும் சென்னைக்கும் குடை மாதம். காற்றைக் குறைக்கச் சொல்லி பஞ்சர் கடையிலும் சொன்னார்களாம், கூட்டாளிகளும் சொன்னார்களாம். புதுச்சேரி முத்தியால்பேட்டை டீக்கடையில் இஞ்சி டீக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் பதில் வேண்டும் என்றான்.

"காத்தைக் கூட்டணும் தம்பி. இளக்க வேண்டியது டயரை இல்ல, காரை" என்றேன். டீ வந்துவிட்டது. விளக்கம் அத்தனை சீக்கிரம் முடியவில்லை.

மழைக்குக் காரைத் தயார் செய்வதன் சாரம் அந்த ஒரு வரிதான். டயர் விறைப்பாக இருக்கட்டும், கார் இளக்கமாக இருக்கட்டும். கேட்டால் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். இரண்டும் ஏன் சரி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், காற்றைக் குறைக்கச் சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை. கடற்கரை மணலில் ஜீப் புதைந்தால் காற்றை இறக்குவார்கள். டயர் அகலமாகப் பரவும், மணல் அந்தப் பாரத்தைத் தாங்கும், வண்டி மேலே ஏறிவிடும். தண்ணீரில் நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். அங்கே வண்டி மேலே ஏறிவிட்டால் அதுதான் விபத்து. டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கி, தாரைத் தொட வேண்டும்.

டயர் தாரைத் தொடும் பரப்பு எவ்வளவு என்று தம்பியைக் கேட்டேன். கையை அகல விரித்துக் காட்டினான். கணக்குப் போட்டோம். 1,100 கிலோ காரில் ஒரு சக்கரத்தின் மேல் சராசரியாக 275 கிலோ. காற்றழுத்தம் 32 பி.எஸ்.ஐ. பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 120 சதுர சென்டிமீட்டர் வரும். ஒரு அஞ்சலட்டையின் பரப்பு அவ்வளவுதான். நான்கு அஞ்சலட்டைகள்தான் காரைத் தரையோடு பிடித்து வைத்திருக்கின்றன. இன்ஜின், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்போது ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 195 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போனால், ஒவ்வொரு நொடியும் 13 லிட்டர் தண்ணீரை வழியிலிருந்து விலக்கியாக வேண்டும். இது ஒரே ஒரு டயருக்கான கணக்கு. விலக்க முடியாமல் போகும் நொடியில் தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்புபோலச் செருகிக்கொண்டு, டயரைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகும். திருப்பினால் கார் திரும்பாது, பிரேக் மிதித்தால் நிற்காது. அக்வாபிளேனிங் என்று சொல்வது இதைத்தான்.

எந்த வேகத்தில் டயர் மிதக்கும் என்பதற்கு 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்ன் என்ற பொறியாளரும் அவருடன் இருந்தவர்களும் விமான டயர்களை வைத்துச் சோதித்து ஓர் எளிய சூத்திரம் கண்டார்கள். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9 ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம் நாட் அலகில் கிடைக்கும். நம் கணக்குக்கு, பி.எஸ்.ஐ.யின் வர்க்கமூலத்தை 16.7 ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். 36 பி.எஸ்.ஐ. என்றால் வர்க்கமூலம் 6, மிதக்கும் வேகம் மணிக்கு 100 கி.மீ. 30 என்றால் 91. கிரிப் வரும் என்று நம்பி 24-க்கு இறக்கினால் 82. காற்றைக் குறைத்தவன் மற்றவர்களைவிட முன்னாடியே மிதக்க ஆரம்பிப்பான். இந்தச் சூத்திரம் தண்ணீர் ஆழமாகவும் டயர் தேய்ந்தும் இருக்கிற நிலைமைக்கானது. டயரின் பட்டன் (தரையைத் தொடும் வரிகள்) நன்றாக இருந்து தண்ணீரும் குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் வரை தாங்கும். ஆனால் காற்றழுத்தம் கூடினால் மிதப்பது தள்ளிப்போகும் என்ற திசை மாறாது.

இன்னொரு காரணமும் உண்டு. காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், பட்டன் இடுக்குகள் மூடிக்கொள்ளும். காற்று சரியாக இருந்தால் நடுப்பகுதி லேசாக எழும்பி இடுக்குகள் திறந்திருக்கும், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடும்.

"அப்ப எவ்வளவு அடிக்கிறது?" என்றான்.

பந்தயத் தடத்தில் எல்லாருமே டயர் சூடான பிறகு இருக்கும் அழுத்தத்தைத்தான் குறிவைப்பார்கள். வெயில் நாளில் தம்பி 28 அடித்துக்கொண்டு தடத்தில் இறங்கினான். 30 டிகிரியில் இருந்த டயருக்குள் காற்று 80 டிகிரி வரை சூடானால், அழுத்தம் தானாக 35-க்கு ஏறிவிடும். மழையில் தண்ணீர் டயரைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். காற்று 45 டிகிரியைத் தொட்டாலே பெரிது. அப்போது அதே 28, 30-ஐத்தான் எட்டும். வெயிலில் கிடைத்த அதே 35 மழையிலும் வேண்டுமென்றால் கிளம்பும்போதே கிட்டத்தட்ட 33 அடித்திருக்க வேண்டும். அதாவது வழக்கத்தைவிட 4, 5 பி.எஸ்.ஐ. கூடுதல். தடத்தோரத்தில் கார் நிற்கும் இடமான பிட்டுக்கு வந்ததும் மறுபடி அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். ஒரு நல்ல கேஜ் சொந்தமாக வைத்துக்கொள்வது முக்கியம். ஒவ்வொரு கடையின் மீட்டரும் ஒவ்வொன்று காட்டும்.

தண்ணீர் தேங்காமல் தரை வெறும் ஈரமாக மட்டும் இருந்தால் கதை கொஞ்சம் மாறும். மிதக்கிற ஆபத்து அப்போது இல்லை, டயரில் சூடு ஏறாததுதான் பிரச்சினை. அந்த நிலையில் தேங்கிய தண்ணீருக்கு வைத்ததைவிட 2 பி.எஸ்.ஐ. இறக்கினால் டயர் நெளிந்து நெளிந்து சீக்கிரம் சூடாகும். பஞ்சர் கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கும் இடம் இது ஒன்றுதான்.

தம்பி ஓட்டப்போகும் தடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாகப் போனால் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டை. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் அங்கே 3.717 கி.மீ. நீளத்தில் தடம் அமைத்தது. அதற்கு முன்பு பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்தன. மழைக்கும் நம் பந்தயத்துக்கும் உள்ள உறவு சுமுகமானது இல்லை. 2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த இரவு நேரத் தெருப் பந்தயத்தை மிக்ஜாம் புயல் தள்ளிப்போட வைத்தது. அது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில்தான் நடந்தது. அதே ஆண்டு நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டியதை நாம் மறந்திருக்க முடியாது.

டயருக்கும் நம் ஊருக்கும்கூட உறவு உண்டு. நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை ஓடுகிறது. தம்பி போகும் வழியில் ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர். திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்கண்டிகையில் பிரெஞ்சு நிறுவனமான மிச்செலின். காற்றடைத்த டயரோடு ஒரு காரைப் பந்தயத்தில் முதலில் ஓட்டிக் காட்டியவர்கள் மிச்செலின் சகோதரர்கள்தான். 1895-ல், பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் பந்தயத்தில். பந்தயத்தின் வரலாற்றில் பாதி டயரின் வரலாறு. 2005-ல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் மிச்செலின் டயர்கள் அந்தத் தடத்தைத் தாங்காது என்று அதைப் பூட்டிய அணிகள் எல்லாம் விலகிக்கொள்ள, பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய 6 கார்கள் மட்டும் ஓடின. கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் அன்றைக்கு நான்காவதாக வந்து, ஃபார்முலா 1-ல் இந்தியருக்கு முதன்முதலாகப் புள்ளிகள் வாங்கித் தந்தார். அது வெயில் நாள்தான். ஆனால் எந்த டயர் என்பதே எந்த இடம் என்பதையும் முடிவு செய்தது.

மழையில் இது இன்னும் கூர்மையாகும். வெயிலில் மிகச் சிறந்த டயர் மொட்டை டயர். பந்தயக்காரர்கள் ஸ்லிக் என்பார்கள். இடுக்கே இல்லாததால் முழு ரப்பரும் தரையைத் தொடும். ஒரு தூறல் விழுந்தால் அதே டயர் எமன். ஃபார்முலா 1-க்கு டயர் தரும் பிரெல்லி நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, 300 கி.மீ. வேகத்தில் அவர்களுடைய முழு மழை டயர் ஒன்று நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும். லேசான மழைக்கான இடைநிலை டயர் 30 லிட்டர். ஸ்லிக் டயருக்குத் தண்ணீரை வெளியேற்ற வழியே கிடையாது.

1968 ஆகஸ்டில் ஜெர்மனியின் நர்பர்க்ரிங் தடத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்து எதிரே சரியாகத் தெரியாத நாளில் பந்தய வீரர் ஜாக்கி ஸ்டூவர்ட் 4 நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார். மணிக்கட்டில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த கையோடு ஓட்டினார். பிரெஞ்சு மாத்ரா கார், டன்லப் மழை டயர். ஓட்டியவரின் திறமை பெரிது. ஆனால் தண்ணீரை வாரி வெளியே தள்ளும் டயர் கிடைத்ததால்தான் அந்தத் திறமைக்கு வேலை வந்தது.

தம்பியிடம் மழை டயர் கிடையாது. ரோட்டில் ஓடும் அதே டயர்தான். அதில் பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, பட்டன் ஆழம். புது டயரில் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். இடுக்குகளின் அடியில் சின்ன மேடுகள் இருக்கும். டயர் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அவை மேற்பரப்போடு சமமாகிவிடும். அப்போது டயரின் ஆயுள் சட்டப்படி முடிந்தது. ஆனால் மழைக்கு அதன் ஆயுள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது. 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு மழைத் தடத்தில் இறங்காதே என்றேன்.

இரண்டு, வயது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. நம் ஊர் வெயிலில் நின்று நின்று ரப்பர் இறுகிவிடும். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் இறுகிய ரப்பர் ஈரத் தாரின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமுங்கி உட்காராது. ஈரத்தில் டயர் பிடிப்பது பெரும்பாலும் இந்த அமுங்குதலால்தான். அதனால்தான் மழை டயர்களுக்கு மெத்தென்ற ரப்பர் கலவை. கார் டயரில் கார்பன் கறுப்பின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்க்கும் முறையை மிச்செலின் 1992-ல் கொண்டுவந்தது. ஈரத்தில் பிடிப்பும் எரிபொருள் சிக்கனமும் ஒரே டயரில் சேர்ந்து கிடைக்க அது வழி செய்தது.

மூன்று, நல்ல ஜோடியை எங்கே பூட்டுவது என்பது. முன்சக்கரம் இழுக்கும் காருக்குப் புது ஜோடியை முன்னால் போடச் சொல்வது கடைகளில் வழக்கம். மழைக்கு அது தவறு. முன் டயர் மிதந்தால் கார் நேராகப் போகும், வேகத்தைக் குறைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் மிதந்தால் கார் பின்பக்கத்தை வீசிச் சுழலும், பெரும்பாலானவர்களால் அதைத் திருத்த முடியாது. நல்ல ஜோடி பின்னால்தான்.

டயர் முடிந்தது. இனி கார். அடுத்த டீயும் வந்தது.

வெயில் நாள் பந்தயக் கார் விறைப்பாக இருக்கும். கெட்டி ஸ்பிரிங், கெட்டி ஷாக் அப்சார்பர், வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் தடித்த ஆன்டிரோல் பார், தாழ்ந்த உடம்பு. தார் நன்றாகப் பிடிக்கும்போது கார் சாயாமல் உடனே திரும்ப இது உதவும். மழையில் இதே விறைப்பு ஆபத்து. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் பாரம் ஒரு நொடியில் வெளிப்பக்க டயரின் மேல் மொத்தமாக விழும். பிடிப்பு பாதியாகிவிட்ட டயர் அந்தத் திடீர் அடியைத் தாங்காமல் வழுக்கும். பாசி படிந்த குளத்துப் படியில் எப்படி இறங்குவோம்? விறைத்த காலோடு குதிகாலைக் குத்தினால் விழுவோம். முழங்காலைத் தளர்த்தி, பாதத்தை முழுசாகப் பதித்து, உடம்பின் பாரத்தை மெதுவாக மாற்றுவோம். மழைக்குக் காரைத் தயார் செய்வதும் அப்படித்தான்.

அதனால் முதலில் ஆன்டிரோல் பாரை இளக்குவார்கள், சில அணிகள் கழற்றியே விடும். முன்சக்கரக் கார்களில் வளைவில் கார் சுறுசுறுப்பாகத் திரும்புவதற்காகப் பின்பக்க பாரைத் தடிப்பாக வைத்திருப்பார்கள். மழையில் முதலில் இளக்க வேண்டியது அதைத்தான். இல்லாவிட்டால் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்பக்கம் வீசும். அடுத்து ஷாக் அப்சார்பர். திருகு உள்ளதாக இருந்தால் நான்கைந்து கிளிக் இளக்கலாம். முடிந்தால் ஸ்பிரிங்கையும் மென்மையானதாக மாற்றுவார்கள். காரின் உயரத்தைச் சில மில்லிமீட்டர் கூட்டுவார்கள். தாழ்ந்த பந்தயக் காரின் அடித்தட்டு தண்ணீரில் பட்டால், டயர் பிடித்தாலும் கார் தட்டோடு மிதந்துவிடும்.

சக்கரத்தின் சாய்வு அடுத்தது. கேம்பர் என்று அலைன்மென்ட் கடையில் சொல்வார்கள். எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் வெயில் நாள் வேகத்தில் கார் வளைவில் கொஞ்சம் சாயத்தான் செய்யும். அந்தச் சாய்வை ஈடுகட்ட, நிற்கும்போதே சக்கரத்தின் தலையை 2, 3 டிகிரி உள்பக்கம் சாய்த்து வைப்பார்கள். மழையில் வளைவின் வேகம் குறைவு, கார் சாய்வதும் குறைவு. அதே கேம்பரை வைத்தால் டயரின் உள் ஓரம் மட்டும் தரையைத் தொடும், அஞ்சலட்டையில் பாதி வீணாகும். அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை நிமிர்த்தினால் டயர் தட்டையாக உட்காரும்.

"பிரேக்கையும் மாத்துவாங்களாமே?" என்றான் தம்பி. மாற்றுவார்கள். காரணத்தைக் கணக்கிலேயே பார்க்கலாம். அவன் கார் நிற்கும்போது முன்னால் 660 கிலோ, பின்னால் 440. வெயிலில் அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து சுமார் 220 கிலோ பாரம் முன்னால் நகரும். 80 சதவீத எடை முன் டயர்களில் விழும். மழையில் அவ்வளவு கடுமையாகப் பிடிக்க முடியாது. நகரும் பாரம் சுமார் 120 கிலோ. முன்னால் 70 சதவீதம் சொச்சம்தான். பிரேக்கின் பங்கு வெயிலுக்கு வைத்தபடியே முன்னால் தூக்கலாக இருந்தால், முன்சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் வேலையில்லாமல் சுற்றும். அதனால் பந்தயக் காரில் ஒரு குமிழைத் திருகிப் பின்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பார்கள். தம்பியின் காரில் குமிழ் கிடையாது, ஏ.பி.எஸ். இருக்கிறது. அதன் மேல் கை வைக்க வேண்டாம்.

இறக்கை உள்ள பந்தயக் காரானால் அதன் கோணத்தைக் கூட்டிக் காற்றின் அழுத்தத்தைத் தரைக்கு அனுப்புவார்கள். வீட்டுக் காருக்கு அந்தக் கதை தேவையில்லை. அவன் செய்யக்கூடியவை காற்று, டயர், அலைன்மென்ட், திருகு இருந்தால் ஷாக். இவற்றோடு பலரும் மறக்கும் ஒன்று கண்ணாடி. வைப்பர் ரப்பர் புதிதாக இருக்கட்டும். ஹெல்மெட் போட்டு மூச்சு விட்டால் உள்கண்ணாடி இரண்டு சுற்றில் மங்கிவிடும். ஏ.சி.யை ஓடவிட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி வைக்க வேண்டும். முன்னால் தெரியாத காருக்கு எந்த செட்டிங்கும் உதவாது.

மீதி ஓட்டுகிறவன் கையில். காய்ந்த தாரில் டயருக்கும் தரைக்குமான பிடிப்பு எண் 0.9 என்று வைத்தால், ஈரத்தில் 0.5 பக்கம் இறங்கும். 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க வெயிலில் 44 மீட்டர் போதும். மழையில் 79 மீட்டர். வெயிலில் 100-ல் எடுத்த வளைவை மழையில் 75-ல் எடுக்க வேண்டும். வேகம் கால்வாசிதான் குறைகிறது, நிற்கும் தூரமோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. வளைவு சமாளிக்கக்கூடியதாகத் தெரிவதால் ஆட்கள் ஏமாந்து, நேர்ச்சாலை முடியும் இடத்தில் பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கிறார்கள். மழையில் தடத்தை விட்டு வெளியே போகும் கார்களில் பல இப்படித்தான் போகின்றன.

அதிக ஆபத்து மழையின் முதல் சில நிமிடங்கள். தாரில் ஊறியிருந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் தூசியும் அப்போதுதான் மேலே மிதந்து வரும். நன்றாகக் கொட்டிக் கழுவிய பிறகு தரை சற்றுத் தேறும். பந்தயத் தடத்துக்கே உரிய இன்னொரு விசித்திரமும் உண்டு. வெயிலில் எல்லாரும் ஓடும் பாதையில் ரப்பர் படிந்து தார் மழமழப்பாகியிருக்கும். காய்ந்திருக்கும்போது அதிகம் பிடிக்கும் இடம் அது, நனைந்ததும் அதிகம் வழுக்கும் இடமும் அதுவே. அதனால் மழையில் கைதேர்ந்தவர்கள் வழக்கமான பாதையை விட்டு விலகி, யாரும் ஓடாத சொரசொரப்பான தாரைத் தேடி வெளிவட்டமாகப் போவார்கள். ஓரத்தில் பெயின்ட் அடித்த கெர்ப் மேல் சக்கரம் ஏறக் கூடாது. நனைந்த பெயின்ட்டில் பிடிப்பு அறவே இருக்காது.

கார் மிதக்கத் தொடங்கினால்? பிரேக்கைத் தொடாதே, ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடு. டயர் மறுபடி தரையைத் தொடும்போது சக்கரம் திரும்பியிருந்தால் கார் சட்டென்று அந்தப் பக்கம் பாயும். பலர் அந்த நொடியில்தான் சுழல்கிறார்கள்.

மழை விட்டதும் வேலை தலைகீழாகும். தாரில் ஒரு காய்ந்த பாதை தோன்றும். பட்டன் நிறைந்த மென்மையான டயர் அதில் தண்ணீரின் குளிர்ச்சி இல்லாமல் சூடேறி, நெளிந்து, தேயும். மழை டயர் பூட்டிய பந்தயக்காரர்கள் அப்போது நேர்ச்சாலையில் வேண்டுமென்றே ஈரத்தில் ஓட்டுவதைப் பார்க்கலாம். டயரைக் குளிர்விக்கத்தான். தம்பி செய்ய வேண்டியது பிட்டுக்கு வந்து, ஏறிவிட்ட காற்றை அளந்து, 35-க்கு இறக்குவது.

"இவ்வளவும் செஞ்சா மழையில எல்லாரையும் முந்திடலாமாண்ணே?"

முந்தலாம், ஒரு எல்லை வரைக்கும். 2014 அக்டோபரில் ஜப்பானின் சுசூகா தடத்தில் மழைப் பந்தயம் ஒன்றில் பிரெஞ்சு இளைஞர் ஜூல் பியான்கியின் கார் வழுக்கி, வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த வாகனத்தில் மோதியது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்தார். உலகின் மிகச் சிறந்த டயரும் பொறியாளர்களும் அவரோடு இருந்தார்கள். தேங்கிய தண்ணீருக்கு அது தெரியாது. கொடி காட்டுகிறவர் சிவப்புக் கொடியை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கார் ஒருமுறை மிதந்துவிட்டால் அடுத்த சுற்றில் பிட்டுக்குள் வந்துவிடுவதுதான் ஓட்டத் தெரிந்ததற்கு அடையாளம்.

தடத்துக்குப் போகாத வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன காற்றழுத்த எண்கள் பந்தயத் தடத்துக்கானவை. ரோட்டில் ஓட்டும்போது ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவையே வையுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடியுங்கள், மழைக்காலம் என்று ஒரு பி.எஸ்.ஐ.கூடக் குறைக்காதீர்கள். ஐப்பசி பிறப்பதற்குள் பட்டன் ஆழத்தையும் நான்கு இலக்க எண்ணையும் ஒருமுறை பாருங்கள், தேய்ந்ததை மாற்றுங்கள், புது ஜோடியைப் பின்னால் பூட்டச் சொல்லுங்கள். காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழையோடு போகும்போது முன்னால் தண்ணீர் தேங்கி நிற்பது தெரிந்தால், அதை எட்டுவதற்கு முன்பே வேகத்தை 60-க்குக் கீழே இறக்கிவிடுங்கள்.